அணைப்பதற்கும் ஒரு வரிசை! எழுப்புவதற்கும் ஒரு வரிசை!

ஆரணிப் பட்டைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் தமிழ்நாட்டில் இராது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாக நதிக்கரையில் உள்ள ஊர் ஆரணி. காஞ்சிபுரம் புடவை கனமானது. ஆரணிப் புடவை எடை குறைந்தது. உடுத்துவதற்குச் சுகமானது. மத்திய அரசின் புவிசார் குறியீடும் இந்தப் பட்டுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆரணியில் கரையும் முந்தியும் போட்டு நெய்யும் தறிகளை அண்ணாந்து பார்த்தால், மேலே ஒரு பெட்டி தெரியும். அதுதான் ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். அதற்கு உரிய பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் நூல் எழாமல் கிடக்கும். நெசவாளர் மிதியை ஒரு முறை மிதித்தால் ஓர் அட்டை வந்து நிற்கும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை.

இந்த அட்டைகளின் வரிசை மாறிவிட்டால் என்ன ஆகும்? மயிலின் கழுத்து காலுக்குப் போய்விடும்! அன்னத்தின் அலகு மாங்காயில் முளைக்கும்! பட்டும் நல்ல பட்டு, சரிகையும் நல்ல சரிகை, கையும் தேர்ந்த கை. ஆனாலும் புடவை வீண்.

1804-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு இந்த ஏற்பாட்டைச் செய்தார். அதற்கு முன்னால் பூ வேலைத் தறி ஒவ்வொன்றுக்கும் கயிறு இழுக்க ஒரு பையன் வேண்டும். எந்தக் கயிறு முதலில், எந்தக் கயிறு அடுத்து என்று அவன் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தூங்கி வழிந்தால் பூ கோணிவிடும். ஜக்கார்டு அந்த வரிசையை அட்டைக்கு மாற்றினார். அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன! இங்கிலாந்தில் கணக்கு யந்திரம் செய்ய முயன்ற சார்லஸ் பாபேஜ் அந்தப் படம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தம் யந்திரத்துக்கும் துளை அட்டையே கட்டளை சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டார். இன்றைய கம்ப்யூட்டருக்குத் தறி ஒரு வகையில் பாட்டன்.

பாட்டனுக்கு வரிசை முக்கியம். பேரனுக்கு அதைவிட முக்கியம்.

“என்னங்க, பணம் போயிடுச்சே!”

கடைத்தெருவில் தினம் நடக்கும் சங்கதி இது. ஓர் அம்மாள் மளிகை வாங்குகிறாள். கைப்பேசியில் பணம் அனுப்புகிறாள். திடீரென்று படம் அசையாமல் நின்றுவிடுகிறது.

“என்னங்க, என் கணக்கிலே பணம் போயிடுச்சுன்னு காட்டுது!”

“எனக்கு வரலையேம்மா!”

பணம் எங்கே போயிற்று? காற்றிலா கரைந்தது? இல்லை. எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், சில கம்ப்யூட்டர்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு கணக்கில் கழித்தது. இன்னொரு கணக்கில் கூட்டுவதற்குள் ஏதோ தடங்கல். அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முடி போடும் வரையில் அம்மாளுக்கும் கடைக்காரருக்கும் வாக்குவாதம்தான்.

அந்தக் கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் சர்வர். வங்கிக் கணக்கு, ரேஷன் கடை அட்டை, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இன்று சர்வரில்தான் இருக்கின்றன. மின்சாரம் போனால் இவை என்ன செய்யும்? எது முதலில் அணைய வேண்டும்? மின்சாரம் திரும்பியதும் எது முதலில் எழ வேண்டும்? இதைப் பார்த்துக்கொள்வது யார்?

ஓட்டல் கணக்கு

‘சர்வர்’ என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது ஓட்டலில் பரிமாறுகிறவர்தான். 1964-ல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் தட்டும் டம்ளருமாக வந்ததை யார் மறப்பார்கள்? கம்ப்யூட்டர் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஆகையால் ஓட்டலை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஓட்டலை எப்படி மூடுகிறார்கள்? முதலில் வாசலில் ‘சாப்பாடு முடிந்தது’ என்று பலகை மாட்டுவார்கள். புது ஆள் உள்ளே வரக் கூடாது. உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பமாட்டார்கள். அவர்கள் சாப்பிட்டு முடியும் வரை பரிமாறுவார்கள். பிறகு கல்லாவில் கணக்கு முடிப்பார்கள். சரக்கு அறையைப் பூட்டுவார்கள். அடுப்பைத் தணிப்பார்கள். விளக்கு கடைசியில்தான் அணையும்.

காலையில் திறக்கும்போது இது அப்படியே தலைகீழாக நடக்கும். முதலில் விளக்கு. பிறகு அடுப்பு. சரக்கு அறை. மாவு. இட்டிலி வெந்த பிறகுதான் வாசல் கதவு.

கதவை முதலில் திறந்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால் என்ன நடக்கும்? கூட்டம் வந்து உட்காரும். “இட்டிலி எங்கே?” என்று கத்தும். சர்வர் அடுக்களைக்கு ஓடுவார், திரும்புவார், மறுபடி ஓடுவார். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

கம்ப்யூட்டர் அறையிலும் இதே கதைதான். வாசல் கதவு என்பது ஜனங்கள் கைப்பேசியில் பார்க்கும் பக்கத்தைக் கொடுக்கும் சர்வர். பரிமாறுகிறவர், வேலை செய்யும் புரோகிராம். கல்லாவும் கணக்குப் புத்தகமும் சேர்ந்தது ‘டேட்டாபேஸ்’. சரக்கு அறை, தகவல் சேமிக்கும் டிஸ்குகள். விளக்கு வெளிச்சம் என்று சொல்ல வேண்டுமானால், ஒன்றோடொன்று பேச உதவும் நெட்வொர்க் இணைப்பு.

மூடும்போது வாசலிலிருந்து உள்ளே போக வேண்டும். திறக்கும்போது உள்ளிருந்து வாசலுக்கு வர வேண்டும். சொல்வதற்கு எளிது! ஓட்டலில் பத்துப் பேர்தான் வேலை செய்வார்கள். ஒரு பெரிய வங்கியின் அறையில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருக்கும். எது எதை நம்பி நிற்கிறது என்பது பல சமயம் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே முழுவதும் தெரிவதில்லை.

சிட்டாவும் பேரேடும்

கணக்குப் புத்தகத்தைத் திடீரென்று அணைத்தால் என்ன நஷ்டம் என்று ஒரு கேள்வி வரலாம். பழைய மண்டிக் கடைகளில் இதற்கு விடை இருந்தது. வரவு செலவு நடந்த மறுகணமே சிட்டாவில் குறித்துவிடுவார்கள். பிறகு ஓய்வாக உட்கார்ந்து பேரேட்டில் பதிவார்கள். பேரேடு எழுதும்போது விளக்கு அணைந்தாலும் பயமில்லை. சிட்டாவைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து எழுதலாம்.

டேட்டாபேஸும் அப்படியே ஒரு சிட்டா வைத்திருக்கிறது. முறைப்படி அணைத்தால் சிட்டாவில் உள்ளதை எல்லாம் பேரேட்டில் ஏற்றிவிட்டுத் தூங்கும். பட்டென்று மின்சாரம் போனால், எழுந்தவுடன் சிட்டாவைப் புரட்டி, முடிந்தது எது, முடியாதது எது என்று பார்த்துச் சரிசெய்யும். இதற்கு நேரம் ஆகும். சிட்டா வைத்திருக்கும் டிஸ்கே, “எழுதிவிட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுதாமல் இருக்கும்போது மின்சாரம் போனால்? அப்போதுதான் உண்மையான ஆபத்து. ஆகவேதான் டிஸ்குகள் கடைசியில் அணைய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

பேட்டரி கொடுக்கும் அவகாசம்

2012-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதைச் சிறு ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லை. வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வந்தது அந்தக் காலத்தில்தான். கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைகளில் ‘யு.பி.எஸ்.’ என்ற பேட்டரிப் பெட்டி வந்தது.

யு.பி.எஸ். இருந்தால் மின்சாரமே போகாது என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு! அது கொடுப்பது அவகாசம். சில நிமிஷங்கள். அந்த நிமிஷங்களுக்குள் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அல்லது எல்லாம் வரிசையாக அணைந்துவிட வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும். பொறுப்பாளர் வீட்டில் தூங்குகிறார். காவலாளி அவருக்குப் போன் செய்து, அவர் எழுந்து, சட்டை மாட்டி, வண்டி எடுத்து வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். ஆளை நம்பினால் ஆகாது. வரிசையை யந்திரத்துக்கே சொல்லிக் கொடுக்க வேண்டும். லியோன் நகரத்துக் கயிறு இழுக்கும் பையனுக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்தது!

அந்த ஏற்பாடு இப்படி. யு.பி.எஸ். பெட்டியிலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்குக் கம்பி போகிறது. “மின்சாரம் போய்விட்டது” என்று பெட்டி சொல்கிறது. கம்ப்யூட்டர் உடனே பதறுவதில்லை. இரண்டு மூன்று நிமிஷம் பொறுக்கிறது. நம் ஊரில் போன மின்சாரம் ஒரு நிமிஷத்தில் திரும்புவதும் உண்டல்லவா? திரும்பாவிட்டால், தெரியாமல் போனாலும் குற்றமில்லாத வேலைகளை முதலில் நிறுத்துகிறது. பேட்டரி மேலும் குறைந்தால் மற்றச் சர்வர்களுக்கு எல்லாம் “மூடுங்கள்” என்று செய்தி அனுப்புகிறது. எல்லாரும் மூடிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, கப்பல் தலைவனைப் போல, தான் கடைசியில் அணைகிறது.

முதலில் யார்? கண்டுபிடித்த கணக்கு

ஆயிரம் சர்வர் இருந்தால் வரிசையை யார் எழுதுவது? முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் வேலைகளுக்கு எண் போட்டார்கள். 10 எண்ணுள்ளது முதலில், 20 எண்ணுள்ளது அடுத்து என்று எழும். நடுவில் புதிதாக ஒன்று வந்தால் 15 என்று செருகுவார்கள். நாளாக நாளாக எண்கள் குழம்பிப் போகும்.

இப்போது எண் போடுவது குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் யார் எழ வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். மிச்ச வரிசையை யந்திரமே போட்டுக்கொள்ளும். எப்படி? 1962-ல் ஆர்தர் கான் என்பவர் இதற்கு ஒரு வழி எழுதி வெளியிட்டார். யாருக்காகவும் காத்திராதவர்களை முதலில் பொறுக்கி எடு. அவர்களை எழுப்பு. மற்றவர்களின் பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை அடி. அடித்த பிறகு யாருக்காகவும் காத்திராதவர்கள் புதிதாகச் சிலர் இருப்பார்கள். அவர்களை எழுப்பு. இப்படியே போ.

கல்யாண வீட்டுச் சமையல்காரர் இதை எழுதாமலே செய்கிறார்! பருப்பு வேகாமல் சாம்பார் இல்லை. புளி கரைக்காமல் ரசம் இல்லை. அப்பளத்துக்கு எண்ணெய் காய்ந்தால் போதும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எல்லாரும் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால்? பெட்டிச் சாவி அறைக்குள்ளே. அறைச் சாவி பெட்டிக்குள்ளே! பெரிய நிறுவனங்களிலும் இது நடக்கிறது. 2021 அக்டோபர் 4-ந் தேதி பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் உலகம் முழுவதும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றன. பராமரிப்பு வேலையின்போது தவறான ஒரு கட்டளை, அவர்களுடைய கட்டிடங்களை இணைக்கும் பாதையை அறுத்துவிட்டது. தூரத்திலிருந்து சரிசெய்யலாம் என்றால், சரிசெய்யும் கருவிகளுக்கும் அதே பாதைதான் வேண்டியிருந்தது! கடைசியில் ஆட்களை நேரில் அனுப்பினார்கள். கள்வர் புகாதபடி பலமாகக் காக்கப்பட்ட அறைக்குள் நுழைய அவர்களுக்கே நேரம் பிடித்தது.

உள்ளே போன பிறகும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுப்பத் துணியவில்லை. நின்றுபோன யந்திரங்கள் பல மெகாவாட் மின்சாரம் குடிப்பவை. ஒரே சமயத்தில் விழித்தால் மின் கருவிகள் தாங்குமா? சிறிது சிறிதாகத்தான் எழுப்பினார்கள்.

அவசரத்தில் போட்ட சுவிட்சு

2017 மே 27-ந் தேதி லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர் கூடத்தில் மின்சாரம் அறுந்தது. மின்சாரம் போனதைவிட, அது கட்டுப்பாடின்றித் திரும்பி வந்ததுதான் யந்திரங்களைச் சேதப்படுத்தியது என்று கம்பெனித் தலைமை சொல்லிற்று. விடுமுறை நாள் கூட்டம். சுமார் 75,000 பிரயாணிகள் தவித்தார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு விமான நிலையத் தரையிலேயே படுத்தவர்கள் பலர்.

அதற்கு முந்திய ஆண்டு, 2016 ஆகஸ்ட் 8-ந் தேதி, அமெரிக்காவில் டெல்டா விமானக் கம்பெனிக்கு இதே கதி. அங்கே ஏறக்குறைய 7,000 சர்வர்கள். அவற்றில் 300 மட்டும் மாற்று மின்சாரத்தோடு இணைக்கப்படவில்லை என்று பிறகு தெரிந்தது. முந்நூறுதானே என்று விட முடியுமா? மற்றவை அந்த முந்நூறை எதிர்பார்த்து நின்றன. மூன்று நாட்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து!

தேசமே இருண்ட நாள்

கம்ப்யூட்டர் அறை சிறிது. தேசம் பெரிது. வரிசை தப்பினால் என்ன ஆகும், வரிசையாக எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்தியா 2012-ல் கண்டது.

அந்த ஆண்டு ஜூலை 30-ந் தேதி அதிகாலை 2-33 மணி. பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையே ஓடும் 400 கிலோவோல்ட் மின்பாதை சுமை தாங்காமல் அறுந்துகொண்டது. ஒன்று போனதும் அதன் சுமை அடுத்ததன் தலையில் ஏறியது. வட இந்தியா முழுவதும் இருண்டது. ஒருவாறு சரிசெய்தார்கள். மறுநாள் பிற்பகல் ஒரு மணிக்கு மறுபடியும் விழுந்தது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும்! அறுபது கோடி ஜனங்களுக்கு மேல் வாழும் பகுதி. ரயில்கள் நடுவழியில் நின்றன. டில்லி மெட்ரோ நின்றது.

தென்னாட்டு மின்தொகுப்பு அப்போது தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதனால் தமிழ்நாடு தப்பிற்று. 2013 டிசம்பர் 31-ந் தேதிதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தெற்கும் மற்றத் தொகுப்புடன் ஒன்றாயிற்று.

விழுந்ததை எப்படி எழுப்பினார்கள்? இங்கேதான் வேடிக்கை. மின்சாரம் செய்யும் நிலையத்துக்கே மின்சாரம் வேண்டும்! அனல் நிலையத்தில் தண்ணீர் ஏற்றும் பம்பு, காற்று ஊதும் விசிறி, நிலக்கரி அரைக்கும் ஆலை எல்லாம் ஓடினால்தான் கொதிகலன் எரியும். அவற்றை ஓட்ட முதலில் யார் மின்சாரம் தருவது? அணைக்கட்டு தருகிறது. நீர்மின் நிலையத்தில் மதகைத் திறக்கச் சிறிதளவு மின்சாரம் போதும். ஒரு டீசல் எஞ்சின் அதைக் கொடுத்துவிடும். தண்ணீர் பாய்ந்தால் சக்கரம் சுற்றும். அந்த மின்சாரத்தை அனல் நிலையத்துக்கு அனுப்பி அதை எழுப்புவார்கள். விழாமல் நின்ற மேற்கிலிருந்தும் கொஞ்சம் கடன் வாங்கினார்கள். ரயில், ஆஸ்பத்திரி போன்ற அவசியங்களுக்கு முதல் பங்கு. வீடுகளுக்குப் பிறகு.

ஊர் ஊராகத்தான் இணைக்க வேண்டும். ஒரே சமயத்தில் எல்லா மின்விசிறியும் பம்புசெட்டும் இழுத்தால், அப்போதுதான் எழுந்த நிலையம் மறுபடி மூர்ச்சை போட்டுவிடும்.

எட்டு ஆண்டு கழித்து இதற்கு நேர்மாறான ஒரு பரீட்சை வந்தது. 2020 ஏப்ரல் 5-ந் தேதி, கொரோனா ஊரடங்கின்போது, இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். வீடுதோறும் அகல் ஏற்றினார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மின் அதிகாரிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது! செலவாகாத மின்சாரத்தை என்ன செய்வது? சுமார் 31,000 மெகாவாட் தேவை சில நிமிஷங்களில் சரிந்தது. அவர்கள் எதிர்பார்த்ததைப் போல இரு மடங்குக்கு மேல்! ஆனால் முன்கூட்டியே வரிசை போட்டிருந்தார்கள். நீர்மின் நிலையங்களை முதலில் ஏற்றி வைத்து, விளக்கணைய அணைய அவற்றை இறக்கினார்கள். விளக்கு எரிய எரிய மறுபடி ஏற்றினார்கள். தேசத்தில் எங்கும் மின்தொகுப்பு விழவில்லை. பெரும்பாலான ஜனங்களுக்கு இப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது.

அரைகுறையாய் வந்த மின்சாரம்

இனி, சின்ன ஊரில் நாலைந்து சர்வர் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கோ சங்க ஆபீசுக்கோ வருவோம். இங்கே அடிக்கடி நேரும் விபத்து ஒன்று உண்டு.

மின்சாரம் போகிறது. பேட்டரி குறைகிறது. சர்வர்கள் வரிசையாக அணைகின்றன. எல்லாம் ஒழுங்கு. கடைசிச் சர்வர் அணைந்துகொண்டிருக்கும் அதே நேரம் மின்சாரம் திரும்பி வந்துவிடுகிறது! யு.பி.எஸ். பெட்டி இன்னும் அணையவில்லை. ஆகவே சர்வர்களைப் பொறுத்தவரை மின்சாரம் ஒருபோதும் போகவே இல்லை. “மின்சாரம் வந்தால் எழுந்திரு” என்று அவற்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். போகாத மின்சாரம் எப்படி வரும்? அவை தூங்கிக்கொண்டே இருக்கும். காலையில் ஊழியர் வந்து பார்த்தால் விளக்கெல்லாம் எரிகிறது. சர்வர் மட்டும் எழவில்லை. டோக்கன் கொடுக்க முடியாமல் நோயாளிகள் வாசலில் நிற்கிறார்கள்.

இதற்கு வைத்தியம் சுலபம். அணைக்கத் தொடங்கிவிட்டால் நடுவில் மனம் மாறக் கூடாது. மின்சாரம் வந்தாலும் சரி, யு.பி.எஸ். தன் வாயை ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும். அப்போதுதான் சர்வர்கள் விழிக்கும்.

விழிப்பதிலும் நிதானம் வேண்டும். மின்சாரம் வந்த உடனே எல்லாவற்றையும் எழுப்புகிறார்கள். பேட்டரியோ காலி. ஐந்து நிமிஷத்தில் மறுபடி மின்சாரம் போகிறது. இம்முறை அவகாசமே இல்லை. பாதி எழுந்த டேட்டாபேஸ் பட்டென்று விழுகிறது. முதல் வெட்டில் தப்பியது இரண்டாம் வெட்டில் போய்விடும். எனவே விஷயம் தெரிந்தவர்கள், இன்னொரு முறை முறையாக அணைப்பதற்குப் போதுமான அளவு பேட்டரி ஏறும் வரை எதையும் எழுப்புவதில்லை.

எழுப்பும்போதும் கடிகாரத்தைப் பார்த்து எழுப்புவது பழைய பழக்கம். “டேட்டாபேஸுக்கு இரண்டு நிமிஷம், பிறகு புரோகிராம்” என்று. அன்றைக்குச் சிட்டா புரட்ட இருபது நிமிஷம் ஆனால்? அதனால் இப்போது கேட்டுவிட்டு எழுப்புகிறார்கள். ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து, சரியான பதில் வருகிறதா என்று பார்க்கிறார்கள். வந்தால்தான் அடுத்தவருக்கு அழைப்பு.

இத்தனையும் எழுதி வைத்தாலும், நிஜமாக மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கப் பல இடங்களில் யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. பார்ப்பவர்கள் ஜனங்கள் குறைவாக வரும் இரவு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொறுப்பாளர்கள் எல்லாரும் அறையில் நிற்க, ஒருவர் போய் மெயின் சுவிட்சை இறக்குகிறார். அந்த இருபது நிமிஷமும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். எதையும் தொடக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அதுதான் மிகவும் கஷ்டமாக இருக்கும்!